மாமன் சீரில் வந்த வீடியோ கேம்

நம் பத்தாம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்ததே, அதற்கு நான் மட்டும் பதில் போடவில்லை. நம்மோடு படித்த ஒருத்தி தன் மகனுடைய செல்போனை வாசற்படியில் வைத்துக் குழவிக்கல்லால் நசுக்குகிறாள். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருக்கிறான். எப்போது பார்த்தாலும் கேம், கேட்டால் தலைவலி, மார்க்கும் இறங்கிவிட்டது, அதனால் இந்த வைத்தியம் என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். 'சபாஷ்டி', 'இப்படித்தான் வளர்க்கணும்', 'நாங்கள்லாம் இந்தக் கருமம் இல்லாமத்தானே வளர்ந்தோம்' என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுதினீர்கள்.

இல்லாமல் வளர்ந்தோமா? நான் மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் அழித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சின்னக் கட்டம் போதவில்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாக எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேம் நல்லது என்று வாதாட வரவில்லை. என் மகள் கையிலிருந்து நானும் போனைப் பிடுங்கியிருக்கிறேன். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றி இரண்டு வரி. ஆரணியில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், தறியெல்லாம் எடுத்தாகிவிட்ட இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் ஓர் ஆட்டம் ஆடுகிறார். ஒரே மாதிரிப் பழங்களை வரிசையாகச் சேர்த்தால் அவை டப்பென்று வெடிக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "காது கேக்கலம்மா, பழம் வெடிச்சுதா இல்லையான்னு எனக்கு எப்டி தெரியும்?" என்பார். குறுக்கே என் மகள் போனோடு நடந்து போனால், "இந்த காலத்துப் பசங்க அந்த போனைப் பாத்துகினே கெட்டுப்பூடுதுங்க" என்பார். அதைச் சொல்லும்போதுகூட ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு எரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம் என் அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். அக்கா அப்போது ஒன்பதாவது, நான் ஐந்தாவது. பெங்களூரில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்த தாய்மாமா, மேளத்தோடு தெருமுனையிலிருந்து சீர்த்தட்டுகள் எடுத்துவந்தார். பட்டுப்பாவாடை, தாவணி, வளையல், வாழைப்பழம், ஆப்பிள், லட்டு, மல்லிகைப்பூப் பந்து. அந்த வரிசையில் ஒரு தட்டில் வெற்றிலையின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அம்மா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, ரேடியோவா?"

"வீடியோ கேம்க்கா. ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தா வாங்கித் தரேன்னு பாப்பா கிட்ட சொல்லியிருந்தேன். எடுத்துட்டா. அதான் சீரோட வெச்சுட்டேன்."

பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வயசுக்கு வந்த பொண்ணுக்குச் சீர் வெக்கற பொருளாடா இது? ஒரு வெள்ளிச் சொம்பு, குங்குமச்சிமிழ்னு வெப்பியா..."

"வெள்ளிச் சொம்பு வெச்சா நீங்க பீரோல வெச்சுப் பூட்டிடுவீங்க. இத்த வெச்சா அவ ஆடுவா," என்றார் மாமா.

அந்தச் சபையில் அக்காவுக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். போட்டோ எடுக்கும் நேரத்தில் பெரியம்மா அந்தத் தட்டை மட்டும் காலால் ஓரமாகத் தள்ளினாள். ஆல்பத்தில் பாருங்கள், எல்லாத் தட்டும் இருக்கும், அது மட்டும் இருக்காது. அப்படி ஒரு பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு எங்கள் நினைவைத் தவிர இன்று வேறு சாட்சி இல்லை.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி. பொத்தானை அழுத்தினால் கீச்சுக்குரலில் ஒரு மெட்டு வாசித்துவிட்டு விழித்துக்கொள்ளும். உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுதான், மீதியெல்லாம் அதுவே திரும்பத் திரும்ப. நாங்கள் ஆடியது ஒன்றே ஒன்று. மேலிருந்து பல வடிவத்தில் கட்டங்கள் இறங்கும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். நிரம்பாமல் மேலே முட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. கட்டம் பாதி வழி இறங்குவதற்குள் அது எங்கே உட்காரும் என்று அக்கா முடிவு பண்ணிவிடுவாள். நான் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "திருப்புடி, இன்னொரு தபா திருப்பு, ஐயோ, சொன்னேன் இல்ல" என்று துடிப்பாள்.

இந்த இடத்தில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய போன் மாதிரி அந்தப் பெட்டியின் திரைக்குள் விளக்குக் கிடையாது. சாம்பல் நிறத் திரையில் கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் அக்கா பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் கல்லின் மேல் வெயிலில் உட்கார்ந்துதான் ஆடுவாள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். சில நாட்களில் அதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் உள்ளேதான் இருந்தாள்.

உள்ளே என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளைத்தான் பாவு என்போம். ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். பிணைப்பது என்போம். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்துப் பிடித்து ஒரு திருகு. பிறகு அடுத்தது. முகத்துக்கும் நூலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. காற்று பட்டால் இழை கலைந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று கதவும் பாதி சாத்தியிருக்கும். மேலே ஒரு குண்டு பல்பு. அதுவும் குனிகிறவளின் தலை நிழலை நூலின் மேலேயே போடும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அடுப்பும் நூல்கண்டு சுற்றுவதும் சரியாக இருந்தது. அதனால் எதிர்ப்பக்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அக்கா ஒருத்தியே பிணைப்பாள்.

"எம்பொண்ணு வெரல் மாதிரி இந்தத் தெருவுல எவளுக்கு இருக்குது?" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையைக் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களும், "பாப்பாவைக் கொஞ்சம் அனுப்புங்க" என்று வந்து நின்றார்கள். அவரும் அனுப்பினார். சனி, ஞாயிறு, பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், வந்த பின்னால். ஒன்பது வயதிலிருந்தே இதுதான் அவளுக்குப் பழக்கம். அக்காவின் நெற்றி வலித்தது. சாம்பல் விரலோடு நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள், புருவத்துக்கு மேல் இரண்டு கோடு விழுந்திருக்கும். அதைப் பார்த்து நான் கேலி செய்ததுண்டு.

அக்காவுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் டீச்சர் ட்ரெயினிங். இதை அவள் என்னிடம் ரகசியமாகச் சொல்லவில்லை, மாமாவிடம், அம்மாவிடம், பால்காரரிடம்கூடச் சொன்னாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை எல்லாம் நன்றாகப் போனது. அந்த வருஷம் அவள் திடீரென்று வளர்ந்தாள். உயரமானவர்கள் எல்லாம் பின்னால் போங்கள் என்று கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அவளுக்குக் கரும்பலகை கரும்பலகையாக மட்டுமே தெரிந்தது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

கணக்கு டீச்சர் அதைக் கவனித்தார். ஒரு சனிக்கிழமை குடையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பக்கத்துத் தறிக்காரர்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லாப் படிக்கற பொண்ணுங்க. போர்டைப் பாத்து எழுதறதே இல்ல. தூரம் தெரியலன்னு நெனைக்கறேன். வேலூர் இட்டுகினு போய்க் கண்ணைக் காட்டிடுங்க. ஒரு கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்," என்றார் டீச்சர்.

அப்பா உள்ளே போய் இரண்டு நூல்களை எடுத்துவந்தார். இரண்டும் அரக்கு நிறம்தான். ஒன்று சாயத்தில் ஒரு முக்கு குறைவாக முக்கியது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவற்றை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"எதும்மா கருக்கல்?"

"இடது கையில இருக்கறது," என்றாள் அக்கா, யோசிக்காமல்.

"இதுல எத்தினி புரி?"

"மூணுப்பா."

அப்பா டீச்சர் பக்கம் திரும்பினார். ஜெயித்துவிட்ட முகம். "பாத்தீங்களா? இம்மாம் சன்னமான நூலே தெரியுது. இம்மாம் பெரிய எழுத்து தெரியாதா டீச்சர்?"

"கிட்டத்துல தெரியும்ங்க. தூரத்துலதான்..."

"தறிக்காரன் ஊட்டுல கண்ணு எப்டி இருக்குதுன்னு தறிக்காரனுக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. எட்டிப் பார்த்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் கண் பார்த்துக்கொண்டவர்கள். "அப்பப்ப தலைவலிங்கறா. அது இன்னாத்தால தெரியுமா? அவ மாமன் ஒரு பொட்டி வாங்கிக் கொடுத்துக்கீறான், வீடியோ கேமு. அதைப் பாத்துப் பாத்துதான்."

வீடியோ கேம் என்றதும் பாவம், டீச்சருக்கே குழப்பம் வந்துவிட்டது. "அதையும் கொறைச்சுக்கணும்தான்" என்றார். அவர் சொன்னதில் அப்பாவின் காதில் விழுந்தது அது ஒன்றுதான். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போனார். சுண்ணாம்புத் துகள் ஒட்டிய அந்தக் கறுப்புக் குடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்கு விவரம் தெரியாது, அறியாமை என்று நீங்கள் சொல்வீர்கள். பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லி அவரை விட்டுவைத்தேன். இப்போது அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. விவரம் தெரிந்தவர் வீடு தேடி வந்து சொன்னாரே! பிணைப்பதால் கண் கெடுகிறது என்று ஒத்துக்கொண்டால் பிணைப்பு நிற்க வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும், தறி நிற்க வேண்டும். கேமால் கெடுகிறது என்றால் எதுவும் நிற்க வேண்டாம். எது வசதியோ அதை நம்பினார். ஊரே அதைத்தான் நம்பியது.

அந்த வருஷம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் இரண்டு டிவி வைத்து வீடியோ கேம் கடை போட்டிருந்தார். எவன் பிள்ளை பெயிலானாலும் அந்தக் கடை, எவன் பிள்ளை எதிர்த்துப் பேசினாலும் அந்தக் கடை. ஜரிகை விலை ஏறியதற்கு மட்டும்தான் அந்தக் கடையைச் சொல்லவில்லை. பெரியம்மா வேறு வந்து, "வயசுக்கு வந்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள சோடாபுட்டி கண்ணாடி போட்டா எவன்டி கட்டிகினு போவான்?" என்று அம்மாவிடம் முடித்துவைத்தாள். வேலூர்ப் பேச்சு அதோடு போயிற்று.

இனி என் பங்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெட்டியைக் கையில் அதிக நேரம் வைத்திருந்தது அக்கா அல்ல, நான். அவள் பிணைத்துக்கொண்டிருக்கும்போது, அவளுடைய டிரங்குப் பெட்டியில் தாவணிக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு கல்லுக்கு ஓடிவிடுவேன். ஆடி ஆடி பேட்டரி தீர்ந்து திரையில் கட்டங்கள் வெளிறிப்போயின. அப்பா தறியில் உட்கார்ந்து கேட்கிற ரேடியோவிலும் அதே பென்சில் பேட்டரிதான். புதியதை எடுத்து இதில் போட்டுக்கொண்டு, தீர்ந்துபோனதை ரேடியோவில் போட்டுவைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். காலையில் அப்பா ரேடியோவைத் திருகினார். கொர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். அவர் போட்டது சிவப்பு பேட்டரி, உள்ளே இருந்தது பச்சை.

"யார்டி இதுல கை வெச்சது?"

அக்கா உள்ளே பாவின் முன்னால் இருந்தாள். பத்து விரலும் இழையில் இருந்தன. எழுந்து வர முடியாது. நான்தான் அப்பாவின் எதிரே நின்றேன். அவருடைய கை ஓங்கியிருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஓங்கியிருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அக்காதாம்பா. எப்ப பாரு அதை ஆடிகினே இருக்கா," என்றேன்.

பத்து வயது என்று எனக்கு நானே சலுகை கொடுத்து முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். என்ன பேசுகிறோம் என்று பத்து வயதில் தெரியும். எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, அதை எடுத்தார். தறிக்குழிக்குள் வீசினார். மிதிகட்டைக்கு அடியில் அது விழுந்தது. விழுந்த வேகத்தில் பொத்தான் அழுந்தி, அந்தக் கீச்சு மெட்டைப் பாட ஆரம்பித்துவிட்டது. அப்பா குழிக்குள் இறங்கி மிதித்தார். மெட்டு முடியவில்லை, இன்னொரு மிதி. அப்புறம் நின்றது.

அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அப்பாவை அல்ல, என்னை. வாயைத் திறக்கவில்லை.

"இன்னா பாக்கற? பிணைச்சிகினு இரு. ஒரு இழை அறுந்துது, அப்புறம் இருக்குது உனக்கு," என்றார் அப்பா.

அவள் குனிந்தாள். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "போனாப் போவுது வுடு. இனிமேலாவது கண்ணு பொழைக்கட்டும்" என்றாள். அம்மா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பெட்டி போனது. தலைவலி போனதா? போகவில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம்தான் போனது. தீபாவளிச் சேலை உருப்படிக்காகப் பாவு மேல் பாவு வந்தது. கேம் போன பிறகும் இவள் ஏன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்த வீட்டில், அந்தத் தெருவில், ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். அரையாண்டுக்கு முன்னால் ஒரு பரீட்சை. அப்போதெல்லாம் சின்னப் பரீட்சைகளுக்குக் கேள்வித்தாள் கிடையாது, கரும்பலகையில்தான் எழுதிப்போடுவார்கள். அக்கா கேள்வியைப் படிக்கப் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தாள். மறுபடி மறுபடி எட்டிப் பார்த்தாள். காப்பி அடிக்கிறாள் என்று எழுப்பி நிறுத்திவிட்டார்கள். கேள்வியைத்தான் பார்த்தேன் என்று அவள் சொன்னதை யார் நம்புவார்கள்? கேள்விதான் போர்டில் இருக்கிறதே!

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய்விட்டு வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு இருக்கற பேஜார்ல இது வேற. போதும் நீ படிச்சுக் கிழிச்சது" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பெரிய சண்டை, ஓர் அழுகை, உண்ணாவிரதம் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், அக்கா பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் ரேங்க் வாங்கிய பெண். 'வீடியோ கேம் ஆடியே படிப்பு ஏறல' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது நிலைத்துவிட்டது. அவள் கல்யாணத்தில்கூட ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன்.

போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும், "இது போளூர் போவுதுங்களா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பாள். ஒரு முறை நான் அவளோடு நின்றிருந்தேன். காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்போது கண்ணாடி இருந்தது. நான் கேட்ட வாரமே அப்பா வாங்கிக் கொடுத்த கண்ணாடி. கண்டக்டர் ஒருவர், "ஏம்மா, இம்மாம் பெருசா எழுதிக்குதே, படிக்கத் தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்க," என்றாள் அக்கா.

விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது சுலபம் என்று அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

அவளுக்கு முப்பது தாண்டிய பிறகு சேத்துப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. மாமியாருக்குப் புரை பார்க்கத் துணைக்குப் போனாள். காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா, "நீங்களும் உக்காருங்களேன்" என்று இவளுக்கும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, "இத்தினி வருஷம் எப்டிம்மா சமாளிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். சின்ன வயதில் என்ன வேலை செய்தாள் என்று விசாரித்திருக்கிறார். இருட்டில் கிட்டத்தில் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, கொஞ்சம் வெளியே வெயிலில் ஆட விட்டிருந்தால் நல்லது பண்ணியிருக்கும் என்றாராம்.

அக்கா இதை எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தாள். "வெளிய உக்காந்து கேமு ஆடினேனே, இன்னும் ஆட விட்டிருந்தா கண்ணு கொஞ்சம் பொழைச்சிருக்குமோ என்னவோ!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

கண்ணாடி வந்த அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில், வழியில் இருந்த போர்டு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாளாம். உரக்கடை, டீக்கடை, ரைஸ் மில், பஞ்சர் ஒட்டப்படும், வீட்டுமனை விற்பனைக்கு. ஆபரேஷன் ஆன கண்ணில் கட்டோடு இருந்த மாமியார், "மெதுவாப் படிம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கைதட்டல்களையெல்லாம் பார்த்த கையோடு ஆரணிக்குப் போனேன். அம்மா போன பிறகு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அப்பாவோடுதான் இருக்கிறார்கள். அப்பா கூடத்தில் பழம் வெடித்துக்கொண்டிருந்தார். அக்கா பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடியோவை அவளிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"பையனுக்குத் தலைவலின்னு போட்டுக்குதே. கண்ணைக் காட்டினாங்களா?" என்றாள்.

அதுதான் அந்தக் கேள்வி. நம் குழுவில் டீச்சர் இருக்கிறாள், நர்ஸ் இருக்கிறாள், இரண்டு பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அக்காவுடைய வகுப்புக்கும் ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறதாம். பத்தாவது முடித்தவர்களை மட்டும்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் கேட்டதை அப்படியே தட்டி, வீடியோ போட்டவளுக்குத் தனியாக அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு வந்தது. இன்றுவரை பதில் வரவில்லை.

அப்புறம் அங்கேயே நின்றபடி, இத்தனை வருஷம் சொல்லாததை அக்காவிடம் சொன்னேன். பேட்டரியை மாற்றியது நான், அப்பாவிடம் பொய் சொன்னதும் நான் என்று. அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துத் தட்டில் போட்டாள்.

"தெரியுமே," என்றாள். "செவப்பு பேட்டரி என் கேமு பொட்டியில இருந்ததை மொத நாளே பாத்தேன்."

"அப்ப ஏன்க்கா சொல்லல? நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா? கேமு ஆடி நீயும் கெட்டுப்பூட்டன்னு உன்னையும் நிறுத்தியிருப்பாரு. எதிர்ப்பக்கம் காலியாத்தானே கெடந்துது. ரெண்டு பேர் உக்காந்தா ஜல்தியா முடியும் இல்ல?"

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் படித்த பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ், என் வேலை, இந்தக் குழு எல்லாம் ஒரு பதினான்கு வயதுப் பெண் வாயைத் திறக்காமல் இருந்ததால் கிடைத்தது. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை, காட்டிக்கொடுத்த என் மேல் உள்ள கோபம் என்றே நினைத்திருந்தேன். அவள் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்துக் காலி இடத்தைக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

அவளுடைய போனை வாங்கி, கட்டங்கள் இறங்கும் அந்த ஆட்டத்தைத் தேடி ஏற்றிக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இந்தத் திரைக்குள் விளக்கு இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அவள் பழக்கதோஷத்தில் எழுந்துபோய்த் துவைக்கும் கல்லின் மேல் வெயிலில் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு மூன்று தப்பாக விழுந்தன. அப்புறம் விரல்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கூடத்திலிருந்து டப், டப் என்று பழம் வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

"ஏம்மா, இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு கேமு? கண்ணு கெட்டுப்பூடும். வெச்சுட்டு வேலையைப் பாரு."

நான் விருட்டென்று கூடத்தைப் பார்த்துத் திரும்பினேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆட்டம் முடியட்டும்ப்பா," என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.